எதிர்த்து எழுதியவரை வழியனுப்புவது

எழவு வீட்டுக்குப் போகக் கொங்கு ஊர்களில் யாரும் அழைப்பை எதிர்பார்ப்பதில்லை. வாய்க்கால் தண்ணிக்கும் வரப்புக்குமாகப் பத்து வருஷம் பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகூட, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் உட்காருவார். "நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகோணும்" என்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பேச்சு. வந்தவர் வரப்புச் சண்டை நடக்கவே இல்லை என்று சொல்லமாட்டார். அதைப் பற்றி அன்றைக்கு வாய் திறக்கவும் மாட்டார். சித்த நேரம் உட்கார்ந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவார்.

ஒரு சிந்தனையாளர் மறைந்தால் இப்படி உட்கார்ந்துவிட்டுப் போவது மட்டும் போதாது. வரப்புச் சண்டை இரண்டு வீட்டோடு முடிகிறது. இவரோடு நடந்த சண்டை அச்சிலும் மேடையிலும் நடந்தது. அதைப் படித்தும் கேட்டும் பலர் ஒரு பக்கம் சேர்ந்திருக்கிறார்கள். அதைத் தொடாமல் மாலை மட்டும் போட்டுவிட்டு வந்தால், அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையையே துணி போட்டு மூடியதாகிவிடும். எடுத்துப் பேசுகிறேன் என்று பழைய வழக்கை மறுபடி நடத்தினாலோ, பதில் சொல்ல முடியாத ஆளிடம் வாதாடியதாகும். கோவை, திருப்பூர், ஈரோடு, கோபி, பொள்ளாச்சி பக்கம் இலக்கிய அமைப்புகளும் இயக்கங்களும் நடத்துகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஒழுங்காக நடந்த நினைவேந்தல்களிலும் கெட்டுப்போன நினைவேந்தல்களிலும் இருந்து தெரிந்துகொண்டவை இங்கே எழுதப்பட்டிருக்கின்றன.

முதல் இரண்டு நாள்

செய்தி வந்ததும் முதல் வேலை உறுதிப்படுத்துவது. வாட்ஸப்பில் வந்த ஒரு வரியை நம்பி இரங்கல் எழுதி, அவர் மருத்துவமனையில் உயிரோடு இருக்கிறார் என்று பிறகு தெரிந்தால், அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழிக்க முடியாது. வீட்டு ஆள் ஒருவரோ, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவரோ சொன்ன பிறகே எழுத வேண்டும். எதிர்ப் பக்கத்தில் நின்றவர்கள் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் முந்திக்கொண்டு அறிவித்தால், காத்திருந்தது போலத் தோன்றும்.

இப்படிப்பட்டவர்களில் பலர் கண் தானமும் உடல் தானமும் எழுதிவைத்திருப்பார்கள். குடும்பம் கலங்கி நிற்கிற நேரத்தில், விவரம் தெரிந்த வெளியாள் ஒருவர் கூட இருந்தால் பெரிய உதவி. கண்களை இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கண் வங்கிக்காரர்கள் வரும்வரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு அடியில் தலையணை கொடுத்து உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். உடலை அரசு மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் துறை பெற்றுக்கொள்ளும். நம் பக்கத்தில் கோவையிலும் பெருந்துறையிலும் சேலத்திலும் கல்லூரிகள் இருக்கின்றன. மருத்துவர் கொடுத்த இறப்புச் சான்று, இறந்தவருடைய ஆதார் நகல், கையெழுத்திடும் உறவினருடைய ஆதார் நகல் ஆகியவை கையில் இருக்க வேண்டும். கண் எடுத்த உடலை வாங்கிக்கொள்வார்கள். பிரேதப் பரிசோதனை செய்த உடலையும் தொற்றுநோயால் இறந்தவரின் உடலையும் வாங்கமாட்டார்கள்.

பெரும்பாலும் காரியம் கெடுவது ஒரே இடத்தில். படிவத்தில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தாலும், இறந்த பிறகு நெருங்கிய உறவினர் ஒப்பினால்தான் கல்லூரி உடலை வாங்கும். ஊரிலிருந்து வந்த ஒரு பெரியப்பாவோ மாமாவோ "சாங்கியம் செய்யாம எப்படீங்க அனுப்பறது" என்று நின்றுவிட்டால் அப்படியே தடைப்படும். அந்த நேரத்தில் கொள்கை பேசிப் பயனில்லை. அவர் கைப்பட எழுதிய தாளை எடுத்துப் பெரியவரிடம் கொடுத்து, பொறுமையாகப் படிக்கவிட்டால் பல வீடுகளில் மனது இளகியிருக்கிறது. இளகாவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். வாழ்நாள் முழுக்கச் சடங்கை மறுத்தவருக்கு வீட்டார் கருமாதி செய்தாலும், அதைக் குத்திக்காட்டி எழுதுவது கொடுமை. அது அந்தக் குடும்பத்தின் துக்கம்.

மாற்றுக் கருத்துக்காரர்கள் துக்கம் விசாரிக்கப் போகும்போது இரண்டு மூன்று பேராகப் போனால் போதும். கொடியும் கட்சிக்கரைத் துண்டும் வேண்டாம். கேமராவைக் கண்டதும் பேட்டி கொடுப்பதும் வேண்டாம். மாலை போட்டுவிட்டு, வீட்டார் ஒருவரிடம், "கொஞ்ச நாள் கழிச்சு ஒரு கூட்டம் வைக்கலாம்னு இருக்கோமுங்க. உங்களக் கேட்டுட்டுத்தான் செய்வோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும்.

நாளும் இடமும்

கூட்டம் 15 நாளுக்கு முன்னால் வேண்டாம். 40 நாளைத் தாண்டவும் வேண்டாம். முன்னால் வைத்தால் குடும்பம் காரியத்திலும் காகிதங்களிலும் மாட்டிக்கொண்டிருக்கும். தள்ளிப்போனால் வருகிறவர்கள் குறைவார்கள். இன்னொரு காரணம்தான் முக்கியம்: அவரோடு மாறுபட்டவர் பேச வேண்டுமென்றால், பழைய இதழ்களைத் தேடி எடுத்து மறுபடி படிக்க அவருக்கு இரண்டு வாரமாவது வேண்டும். படிக்காமல் பேசுகிறவர் நினைவில் இருக்கும் கோபத்தைத்தான் பேசுவார்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சனிக்கிழமை சம்பள நாள்; ஞாயிறு காலை 10 மணிக்கு வைத்தால் தொழிலாளிகளும் வருவார்கள். ஈரோட்டில் ஜவுளிச் சந்தை கூடும் திங்கள் இரவும் செவ்வாயும் உதவாது. முகூர்த்த நாளில் மண்டபமும் கிடைக்காது, ஆளும் வரமாட்டார்கள். ஆடியில் மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையும் பேசலாம். வேலை நாளில் பகலில் வைப்பதானால் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு எந்த நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். மாலைக் கூட்டம் என்றால் 5.30-க்குத் தொடங்கி 8 மணிக்கு முடித்துவிட வேண்டும். கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் பாதிப் பேச்சில் எழுந்து போவதைத் தடுக்க வேறு வழியில்லை.

இடம் எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாததாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்தாரின் கட்டடத்தில் வைத்தால் மறுபக்கத்தார் வரத் தயங்குவார்கள், வந்தாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். நூலகக் கூடம், பள்ளி அரங்கம், வணிகர் சங்கக் கட்டடம் போன்றவை நல்லது. 100 பேர் வருவார்கள் என்று நினைத்தால் 70 நாற்காலி போடுங்கள், மிச்சத்தைச் சுவரோரம் அடுக்கிவையுங்கள். காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே பேசுவது குடும்பத்தாருக்கு வேதனை. ஒலிபெருக்கிப் பெட்டிகள் மைக்குக்கு முன்னால், கேட்பவர்களைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் கத்தும். 100 பேர் தேநீருக்கு 5 லிட்டர் பால், 4 லிட்டர் தண்ணீர், கால் கிலோ தூள், ஒரு கிலோ சர்க்கரை. வருகிறவர்களில் வயதானவர்கள் அதிகம் என்பதால் 20 பேருக்குச் சர்க்கரை இல்லாமல் தனியாக. செலவை ஒரே ஆளோ ஒரே கட்சியோ ஏற்றால் மேடையும் அவர்களுடையதாகிவிடும். நாலைந்து அமைப்புகள் பங்கு போட்டுக்கொள்வது நல்லது.

பின்னால் கட்டும் பிளக்ஸில் அவர் படம், பெயர், பிறந்த, மறைந்த ஆண்டுகள் இருந்தால் போதும். உயிரோடு இருக்கும் தலைவர்களின் படம் ஒன்றுகூட வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும். தப்பு வருவது பெரும்பாலும் முன்னெழுத்திலும் பிறந்த ஆண்டிலும்தான். அந்தத் தலைமுறையினர் பலருக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, வீட்டில் ஒரு தேதி. எது சரி என்று குடும்பத்தைக் கேட்டு, எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். விளக்கு ஏற்றுவதா, படத்துக்கு மாலையா, வெறும் பூவா, எதுவும் வேண்டாமா என்பதையும் அவர்களிடம் முன்பே கேட்டுவிட வேண்டும். பொன்னாடை மட்டும் யாருக்கும் வேண்டாம்.

யார் பேசுவது

இரண்டரை மணி நேரக் கூட்டத்துக்கு ஆறு பேர் அதிகபட்சம். ஒரு குடும்பத்தவர், ஒரு மாணவர், அவரோடு சேர்ந்து வேலை செய்தவர், அவர் எழுத்தை ஊன்றிப் படித்த ஓர் இளைஞர், அவர் துறையை அறிந்தவர், அவரோடு மாறுபட்டவர். ஆளுக்கு 12 நிமிடம். ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு துண்டுச்சீட்டு போக வேண்டும். அதை யார் கொடுப்பது என்று முன்பே முடிவு செய்யாவிட்டால் யாரும் கொடுக்கமாட்டார்கள். தாமதமாக வரும் அரசியல் தலைவரை, நடுவில் பேசிக்கொண்டிருப்பவரை நிறுத்தி மேடை ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. அவர் இறந்தவரைப் பற்றி இரண்டு நிமிடமும் தன் கட்சியைப் பற்றி இருபது நிமிடமும் பேசிவிட்டு, கும்பலோடு வெளியே போவார். பாதி அரங்கம் காலியாகும். "வந்தால் வரிசையில்தானுங்க பேச முடியும்" என்று அழைக்கும்போதே பணிவாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

மாறுபட்டவரை முதலில் பேசவைக்கக் கூடாது, கடைசியிலும் கூடாது. முதலில் வைத்தால் பிறகு வருகிற எல்லாரும் அவருக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். கடைசியில் வைத்தால் தீர்ப்புப் போல ஆகிவிடும். மூன்றாவதோ நாலாவதோ சரியான இடம். மாணவர் பேசிய உடனே இவர் பேசுவது பல கூட்டங்களில் நன்றாக அமைந்திருக்கிறது. மாணவர் ஆளைக் கண்முன் நிறுத்திவிடுவார். அதன் பிறகு கருத்தைப் பேசுவது எளிது.

இவர் இன்னார், இன்ன விஷயத்தைப் பேசப்போகிறார் என்று குடும்பத்திடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும். முடிந்தால் எழுதியதைக் காட்டிவிடலாம். "அப்பாவ ஏனுங்க இப்பப் போயி" என்று தயங்குவார்கள், நியாயமான தயக்கம். அவர் உயிரோடு இருந்தபோது அந்த விவாதத்துக்கு எவ்வளவு உழைத்தார் என்பதை எடுத்துச் சொன்னால் ஒப்புக்கொள்ளும் குடும்பங்களே அதிகம். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தப் பேச்சைக் கூட்டத்தில் வைக்காமல், பிறகு வரும் நினைவு மலருக்கு ஒதுக்கிவிட வேண்டும். மேடையில் ஏறிய பிறகு அவர்களுக்குத் தெரியவருவது மட்டும் நடக்கவே கூடாது.

அந்தப் பத்து நிமிடம்

"அவருடன் எங்களுக்குக் கருத்து வேறுபாடுகள் இருந்தாலும்..." என்று தொடங்காத இரங்கல் உரை இன்று அரிது. இந்த வாக்கியத்தை எழுதியவுடன் அடித்துவிடுங்கள். என்ன வேறுபாடு என்று அது சொல்வதில்லை. தன்னைக் காத்துக்கொள்ளப் போட்ட வேலியாகத்தான் அது நிற்கிறது. தன் கட்சிக்காரர்கள் நாளை கேட்டால் காட்டுவதற்கு ஒரு சான்று, அவ்வளவுதான்.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு விவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வேண்டாம், ஒன்று போதும். அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே, எந்த இதழ், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று சொல்லிப் படியுங்கள். நினைவிலிருந்து சொல்லாதீர்கள். பத்து வருஷம் எதிர்த்துப் பேசிப் பேசி, அவர் சொன்னது நம் மனதில் நமக்கு வசதியான வடிவத்துக்கு மாறியிருக்கும். மூலத்தைத் திறந்தால் அவர் இன்னும் நுட்பமாகச் சொல்லியிருப்பது தெரியும். பிறகு நீங்கள் அன்று சொன்ன பதிலை அதேபோலப் படியுங்கள். அதற்கு அவர் மறுமொழி எழுதியிருந்தால் அதையும் கட்டாயம் படிக்க வேண்டும். இங்கேதான் ஏமாற்று நடக்கிறது. தன்னுடைய பதிலோடு நிறுத்திக்கொண்டு, அவர் வாயடைத்துப் போனது போலக் காட்டிவிடுகிறார்கள். அவர் மறுமொழி எழுதிய அடுத்த இதழ் பலர் வீட்டிலும் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகலாம்: "இன்ன வருஷம் இன்ன இதழில் விசைத்தறிக் கூலியைப் பற்றி ஐயா இப்படி எழுதினார். அது தப்பு என்று அடுத்த மாதம் நாங்கள் எழுதினோம். எங்கள் வாதம் இது. இன்றும் அதில்தான் நிற்கிறோம். ஆனால் அவர் கேட்ட மூன்று கேள்விகளில் இரண்டாவதற்கு அன்று நாங்கள் பதில் சொல்லவில்லை. இன்றும் எங்களிடம் பதில் இல்லை." இதற்குள் மரியாதை முழுக்க வந்துவிடுகிறது. பெருமைச் சொற்கள் தனியாக வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, சொல்லாமல் விட்டது. எதிர்த்து எழுத வேண்டுமென்றே ஒருவரைக் கவனமாகப் படித்தவர்கள், அவருடைய கலைச்சொல்லையோ ஒரு வகைப்பாட்டையோ ஒரு கேள்வியையோ எடுத்துப் பயன்படுத்தியிருப்பார்கள். அதைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ள நினைவேந்தலைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு படியுங்கள். பத்து நிமிடத்துக்கு 900 சொற்கள் போதும். எழுதாமல் பேசினால் கைதட்டல் கேட்டதும் குரல் ஏறும். அதன் பிறகு அது பொதுக்கூட்டம்.

ஈரோட்டையும் சேலத்தையும் சேர்ந்த இரண்டு பழைய நகராட்சித் தலைவர்களின் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். ராஜாஜியும் பெரியாரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நகராட்சிப் பொறுப்பில் இருந்தவர்கள், காங்கிரஸில் ஒன்றாக நின்றவர்கள், பிறகு வாழ்நாளெல்லாம் எதிரெதிராக நின்றவர்கள். பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைப் பழகட்டும் என்று 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயரிட்டுப் பெரியார் எதிர்த்த வேகம் சாதாரணமானதல்ல. 1954-இல் ராஜாஜி பதவியை விட்டு விலகினார். 1972 டிசம்பர் 25-இல் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதில் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கே வந்து பெரியார் கண்ணீர் விட்டார். இந்தக் காட்சியை மேடைகளில் சொல்லும்போது கண்ணீரோடு நிறுத்திவிடுகிறார்கள். அழுததற்காகக் குலக்கல்வியைப் பற்றிய தன் கருத்தில் ஓர் எழுத்தைக்கூட அவர் திரும்பப் பெறவில்லை. எல்லாச் சாதியினரும் கோயிலில் அர்ச்சகராகும் உரிமைக்காக மறு ஆண்டு டிசம்பர் 24-இல் சாகும்வரை பேசிக்கொண்டே இருந்தார். ராஜாஜிக்காக அழுதவரும் அவரை எதிர்த்தவரும் ஒரே ஆள்தான். இரண்டில் ஒன்றைப் பொய்யென்று ஒதுக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. நினைவேந்தலில் பேசப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

இந்தப் பக்கத்திலேயே இன்னும் அண்மையில் பார்த்தது கோவை ஞானியின் மறைவு. 1935 ஜூலை 1-இல் சோமனூரில் பிறந்த பழனிச்சாமி, தமிழாசிரியராக வேலை பார்த்தவர், வானம்பாடி என்ற புதுக்கவிதை இயக்கத்தோடு இருந்தவர், நிகழ், தமிழ்நேயம் ஆகிய இதழ்களை நடத்தியவர். மார்க்சியத்தைத் தமிழ் மரபோடும் தமிழ்த் தேசியத்தோடும் சேர்த்து யோசித்தார். கட்சி மார்க்சியர் பலருக்கு அது ஒப்பவில்லை. தமிழ்த் தேசியர் பலருக்கு அவருடைய மார்க்சியம் ஒப்பவில்லை. அவர் 2020 ஜூலை 22-இல் மறைந்தார். கொரோனாக் காலம், அரங்கு நிறையக் கூட்டம் போட வழியில்லாமல் போயிற்று. அவரைப் போன்றவருக்கு நினைவேந்தல் வைக்கும்போது மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. சர்க்கரை நோயால் பார்வை போன பிறகு, மற்றவர்கள் படித்துக் காட்டக் கேட்டும், சொல்லச் சொல்ல எழுதவைத்தும்தான் அவர் பல ஆண்டுகள் இயங்கினார். ஒரு புத்தகத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதற்கு, படித்துக் காட்டியவர்களைவிட நெருங்கிய சாட்சி கிடையாது. எல்லாப் பக்கத்தையும் சேர்ந்த புத்தகங்கள் அந்தக் குரல்கள் வழியாகத்தான் அவரிடம் போயின. பெரிய பெயர்களைத் தேடும் அவசரத்தில் இப்படிப்பட்டவர்களை மேடைக்கு அழைக்காமல் விடுவது பெரிய இழப்பு.

உரிமை கொண்டாடுவது

மறைந்த மூன்றாம் நாளே தொடங்கிவிடும். "கடைசிக் காலத்தில் எங்கள் பக்கம் வந்துவிட்டார்" என்பார்கள். படுக்கையில் இருந்தபோது சொன்னார், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார் என்பார்கள். எழுத்திலோ ஒலிப்பதிவிலோ இல்லாத மனமாற்றம் எதையும் மேடையில் அனுமதிக்கக் கூடாது. அவர் உண்மையிலேயே மாறியிருந்தால் எழுதியிருப்பார். அவர் வேலையே அதுதானே. இது நம் பக்கத்து ஆட்களுக்கும் பொருந்தும். எதிரி கடைசியில் நம்மை ஏற்றுக்கொண்டான் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை எல்லாருக்கும் உண்டு.

நம் ஊரில் இதைவிட வருத்தமானது சாதிப் போஸ்டர். பேருந்து நிலையச் சுவரில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டுவது இங்கே பழக்கம். சாதியை எதிர்த்து நாற்பது வருஷம் எழுதியவருக்குச் சாதிப் பட்டம் சேர்த்து, சங்கத் தலைவர் படங்களோடு போஸ்டர் வந்துவிடும். கிழிக்கப் போனால் சண்டை; குடும்பத்தின் உறவினர்களே சங்கத்தில் இருப்பார்கள். செய்யக்கூடியது, முந்திக்கொள்வது. அவர் எப்படிக் கையெழுத்திட்டாரோ அப்படியே, பட்டம் இல்லாத பெயரோடு நமது போஸ்டர் மறுநாள் காலையிலேயே சுவரில் இருக்க வேண்டும். சாதியைப் பற்றி அவர் எழுதியதிலிருந்து நாலு வரி, ஆண்டோடு, அதில் இருக்கட்டும். அவரோடு மாறுபட்ட அமைப்பு இதைச் செய்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

எழுத்தில்

கூட்டம் அன்றோடு போய்விடும், மலர் நிற்கும். 16 பக்கம் ஒரு பாரம், இரண்டு பாரம் போட்டால் 32 பக்கம். அதற்கு மேல் போனால் தாமதமாகி வெளிவராமலே போகும். முதலில் இரண்டு பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பு, ஆண்டு வரிசையில், சந்தேகமுள்ளது எதையும் சேர்க்காமல். பிறகு அவர் எழுதியதில் ஒரு முழுக் கட்டுரை. துண்டுகள் வேண்டாம், மேற்கோள்களாக நறுக்கிப் போட்டால் எல்லாரும் ஒரே மாதிரி ஞானிகளாகத் தெரிவார்கள். அதற்கடுத்து அவரை எதிர்த்து வந்த கட்டுரை, அதையடுத்து அவருடைய மறுமொழி. இந்த மூன்றும் அடுத்தடுத்து இருந்தால் அவரைப் பார்த்தே இராத இருபது வயதுப் பிள்ளைக்குக்கூட அவர் எப்படி யோசித்தார் என்பது தெரிந்துவிடும். இரங்கல் கவிதைகளுக்கு இரண்டு பக்கம் போதும்.

மறுபதிப்புக்கு வாரிசுகளின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும். இந்தியச் சட்டப்படி எழுத்தின் உரிமை, ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் வாரிசுகளுக்கு உண்டு. பாசத்தில் முழுப் புத்தகத்தையும் பிடிஎஃப் ஆக்கிப் பரப்புகிறவர்கள் இதை நினைப்பதில்லை. அரசு பின்னால் நூல்களை நாட்டுடைமையாக்கினால் பரிவுத் தொகை குடும்பத்துக்குப் போகும். அதுவரை அது அவர்களுடைய சொத்து.

அலமாரிகள்

எல்லாவற்றிலும் அதிகம் நாசமாவது அவருடைய புத்தகங்களும் காகிதங்களும்தான். வாடகை வீடாக இருந்தால் இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டிவரும். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். பழைய பேப்பர்காரர் எடை போட்டு எடுத்துப் போய்விடுவார். முதலில் போவது சிறு பத்திரிகைகள்: அட்டை கிழிந்து, மெல்லியதாக, பார்க்கக் குப்பை போல இருக்கும். அச்சிட்ட புத்தகம் வேறெங்காவது கிடைக்கும். முந்நூறு பிரதி அச்சான இதழ் வேறெங்கும் கிடைக்காமலே போகலாம்.

ஒரு புத்தகத்தையும் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தட்டையும் படம் எடுங்கள், அலமாரிக்கும் தட்டுக்கும் எண் கொடுங்கள். அவர் எதை எதன் பக்கத்தில் வைத்தார் என்பதே ஒரு செய்தி. எதிர்த்து எழுதியவர்களின் நூல்களை அவர் எந்தத் தட்டில் வைத்திருந்தார், ஓரத்தில் என்ன குறித்திருந்தார் என்பது ஆராய்கிறவனுக்குப் பெரிய சாவி. உள்ளே சொருகிய சீட்டுகளை உதறக் கூடாது. ஒரு பெட்டியில் 25 புத்தகத்துக்கு மேல் அடுக்கினால் தூக்கும்போது அடி பிய்ந்துவிடும். கரையான் தொட்டதைத் தனிப் பெட்டியில் போட்டு வெளித் திண்ணையில் வையுங்கள். நல்லதோடு கலந்தால் எல்லாம் போய்விடும். மருந்தைப் புத்தகத்தின் மேல் நேராக அடிக்கக் கூடாது. ஈரம் பட்டதை வெயிலில் போட்டால் தாள் முறுகும்; நிழலில், காற்றோட்டத்தில், நின்றபடி விரித்து வைத்து உலர்த்த வேண்டும். ஒலிநாடாக்கள் கிடைத்தால் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பூஞ்சை பிடித்த நாடா பழைய டேப்ரிக்கார்டரில் ஒரே ஓட்டத்தில் அறுந்துவிடும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

எங்கே கொடுப்பது என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்தால் பொது அடுக்கில் கலந்துவிடுவார்கள், இரட்டைப் பிரதி என்று சிலவற்றைக் கழித்தும் விடுவார்கள். தொகுப்பைப் பிரிக்காமல் அவர் பெயரில் வைக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். சிறு பத்திரிகைகளுக்கும் கடிதங்களுக்கும் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் பொருத்தமானவை. அங்கே பாதுகாக்கவும் படியெடுக்கவும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பொதுவுடைமைக்காரர் தொகுப்பைத் தேசியவாதி ஒருவர் உட்கார்ந்து பட்டியல் போடுவதில் தவறில்லை. அவர் யார் யாரோடு எதற்காக மோதினார் என்பது எதிர்த்தவர்களுக்கே நன்றாகத் தெரியும்; பெயர் போடாத ஒரு குறிப்பைப் பார்த்து இது எந்த விவாதம், எந்த வருஷம் என்று அவர்களால் சொல்ல முடியும்.

கடிதங்களில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடிதத் தாள் பெற்றவருடையது. எழுத்தின் உரிமை எழுதியவருடையது. அவர் வீட்டில் இருப்பவை மற்றவர்கள் அவருக்கு எழுதியவை. அவர் எழுதிய பதில்கள் மற்றவர்கள் வீட்டில் இருக்கின்றன, அதிலும் காரசாரமானவை அவரை எதிர்த்தவர்கள் வீட்டில். அவர்களுக்கும் வயதாகிவிட்டது, அவர்கள் வீட்டு வாசலிலும் பழைய பேப்பர்காரர் தராசு வைத்துக்கொண்டு நிற்கப்போகிறார். ஆகவே நினைவேந்தல் முடிந்த வாரமே, அவரோடு மோதியவர்கள் நாலைந்து பேரின் வீட்டுக்குப் போய், அவர் கைப்பட வந்த இன்லண்டு லெட்டர்களையும் கார்டுகளையும் கேட்டு வாங்க வேண்டும். மூலத்தைத் தரத் தயங்கினால் அங்கேயே சன்னலோரம், பகல் வெளிச்சத்தில், இரண்டு பக்கமும், முகவரிப் பக்கத்து அஞ்சல் முத்திரையையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். பலர் தேதி போடாமல் எழுதியிருப்பார்கள், முத்திரைதான் நாளைச் சொல்லும். அவருக்கு வந்ததையும் அவரிடமிருந்து போனதையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள்.